நெல்லிக்குப்பத்தில் இரண்டு சூரியகாந்தி வரிசைகள்: புறஊதாப் படம் சொன்னதும் சொல்லாததும்

நெல்லிக்குப்பத்துக்கும் பண்ருட்டிக்கும் இடையில், கெடிலம் ஆற்றுக்குப் பக்கத்தில், கரும்புக்கு நடுவே ஒரு சின்னக் கொல்லை. வேலியோரமாக மார்த்தாண்டத்திலிருந்து வாங்கி வந்த அடுக்குத்தேனீப் பெட்டிகள் சில இருக்கின்றன. பெட்டிகளை வைத்திருக்கும் அண்ணன் அந்தப் பருவத்தில் எள்ளோடு சேர்த்து இரண்டு வரிசை சூரியகாந்தியும் போட்டிருந்தார். ஒரு வரிசை, எண்ணெய்க்காகப் பயிரிடும் வகை. இன்னொன்று புதுச்சேரியில் ஒரு நர்சரியில் வாங்கிய அலங்கார வகை, பூங்கொத்துக்காக வளர்ப்பது. இரண்டும் நல்ல மஞ்சள். உயரத்திலும் பூவின் அகலத்திலும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் காலையில் எண்ணெய் வகையில் தேனீ மொய்த்தது. அலங்கார வரிசையில் ஒன்றிரண்டுதான் தென்பட்டன.

"தம்பி, பூவுல நம்ம கண்ணுக்குத் தெரியாத கோலம் ஒண்ணு இருக்கு, தேனீ அதைப் பார்த்துட்டுத்தான் வந்து உக்காருதுன்றாங்களே, நெசமா? இந்த நர்சரிப் பூவுல அந்தக் கோலம் இல்லாமப் போயிட்டுதா? நீங்கதான் அந்த மாதிரி போட்டோ எடுக்கிறீங்களாமே, எடுத்துப் பார்த்துச் சொல்லுங்க" என்றார்.

புதுச்சேரியில் இருந்துகொண்டு புறஊதா ஒளியில் பூக்களைப் படமெடுப்பது எனக்குப் பல காலமாக உள்ள ஈடுபாடு. பார்ப்பவர்கள் "அடடா" என்பார்கள், அதோடு பேச்சு முடிந்துவிடும். இவர் கேட்டது அப்படியில்லை. இது சோதித்துப் பார்க்கக்கூடிய கேள்வி. கோலம் ஒரு வகையில் இருந்து இன்னொன்றில் இல்லையென்றால் படம் அதைக் காட்டிவிடும். இரண்டிலும் இருந்தால் காரணத்தை வேறெங்காவது தேட வேண்டும். அந்த வேலை எப்படி நடந்தது, எந்தப் படத்தை நம்பினோம், எதைத் தள்ளினோம், கடைசியில் அவருக்கு என்ன பதில் கிடைத்தது என்பதை முழுதாக எழுதி வைக்கிறேன். இதைச் செய்ய நினைக்கும் இன்னொருவருக்கு உதவும்.

தேனீயின் கண்

நம் கண்ணுக்குத் தெரியும் ஒளி ஏறக்குறைய 400 நானோமீட்டரில் தொடங்கி 700-ல் முடிகிறது. 400-க்குக் கீழே இருப்பது புறஊதா. 1801-ல் ஜெர்மனியில் யோஹான் வில்ஹெல்ம் ரிட்டர் வெள்ளி உப்பைக் கொண்டு இப்படி ஓர் ஒளி இருப்பதைக் கண்டுபிடித்தார். 1880களில் இங்கிலாந்தின் ஜான் லப்பக், எறும்புகள் அந்த ஒளியை உணர்கின்றன என்று காட்டினார். தேனீக்கு நிறம் தெரியும் என்பதைக் கார்ல் வான் ஃப்ரிஷ் 1914 வாக்கில் நிறுவினார். சாம்பல் அட்டைகளுக்கு நடுவே ஒரு நீல அட்டையை வைத்து, அதில் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துத் தேனீக்களைப் பழக்கினார். பிறகு தண்ணீர் இல்லாதபோதும் அவை நீல அட்டையைத் தேடி வந்தன. வெளிச்சத்தின் அளவை மட்டும் பார்த்திருந்தால் ஏதாவது ஒரு சாம்பல் அட்டையில் ஏமாந்திருக்கும். 1973-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

நம் அடுக்குத்தேனீக்கு நெருங்கிய உறவான ஐரோப்பியத் தேனீயின் கண்ணில் நிறம் அறியும் செல்கள் மூன்று வகை. அவற்றின் உச்ச உணர்திறன் 344, 436, 544 நானோமீட்டர்களில் இருப்பதாக அளந்திருக்கிறார்கள். அதாவது புறஊதா, நீலம், பச்சை. நமக்கு நீலம், பச்சை, சிவப்பு. இரண்டு கண்ணுக்கும் மூன்று மூன்றுதான், வரம்பு மட்டும் ஒரு பக்கமாக நகர்ந்திருக்கிறது. அதனால் "தேனீ நம்மைவிட அதிகம் பார்க்கிறது" என்று சொல்வது சரியில்லை. அதற்குப் புறஊதா கிடைத்திருக்கிறது, சிவப்பு போயிருக்கிறது.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். "பூச்சியின் பார்வை" என்று பொதுவாக ஒன்று கிடையாது. ஜப்பானில் நன்றாக ஆராயப்பட்ட பாபிலியோ ஷூதஸ் என்ற வால்பட்டாம்பூச்சிக்குச் சிவப்பும் தெரியும். நிறமறியும் செல்களில் அதற்குத் தேனீயைவிடக் கூடுதல் வகைகள் உண்டு. இந்தக் கட்டுரையில் வரும் படங்கள் எல்லாம் தேனீக்காகச் செய்தவை. வண்டுக்கோ பட்டாம்பூச்சிக்கோ இவை பொருந்தாது.

கேமரா, லென்ஸ், ஃபில்டர்

டிஜிட்டல் கேமராவின் சென்சார் சிலிக்கானால் ஆனது. அது புறஊதாவின் மேல்பகுதியையும் அகச்சிவப்பையும் உணரும். சாதாரணப் படத்துக்கு இரண்டும் தொந்தரவு என்பதால், தயாரிப்பவர்கள் சென்சாருக்கு முன்னால் ஒரு கண்ணாடியை வைத்து இரண்டையும் தடுத்துவிடுகிறார்கள். அந்தக் கண்ணாடியை எடுத்துவிட்டு அதே பருமனுள்ள தெளிந்த கண்ணாடியைப் பொருத்தினால் கேமரா முழு நிறமாலையையும் வாங்க ஆரம்பிக்கும். என்னுடையது ஒரு பழைய மிரர்லெஸ் கேமரா, சென்னையில் ஒருவரிடம் கொடுத்து மாற்றியது. உள்ளே ஃபிளாஷ் இருக்கும் கேமராவை நீங்களே திறக்கப் போகாதீர்கள். பேட்டரியைக் கழற்றிய பிறகும் ஃபிளாஷ் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். கை பட்டால் பலமாக அடிக்கும்.

லென்ஸ்தான் பெரிய சிக்கல். இன்றைய லென்ஸ்களில் பல அடுக்குக் கண்ணாடியும் மேற்பூச்சும் சேர்ந்து புறஊதாவைப் பெருமளவு விழுங்கிவிடுகின்றன. இதற்கென்றே நிக்கான் செய்த யூவி-நிக்கோர் 105 மிமீ போன்றவை இருக்கின்றன, ஆனால் விலை எட்டாது. நம் ஊர்களில் இதற்கு ஒரு வழி உண்டு. டார்க் ரூம் இருந்த பழைய ஸ்டுடியோக்களில், நெகட்டிவிலிருந்து படத்தைப் பெரிதாக்கும் என்லார்ஜரில் போட்டிருந்த லென்ஸ்கள். அவற்றில் பழைய எல்-நிக்கோர் 80 மிமீ எஃப் 5.6 புறஊதாவை ஓரளவு நன்றாகவே கடத்தும் என்பது இந்தத் துறையில் பலருக்கும் தெரிந்த செய்தி. ஸ்டுடியோக்காரர்கள் பலர் அதை வெறும் கண்ணாடித் துண்டாக அலமாரியில் போட்டு வைத்திருக்கிறார்கள். ஒரு திருகு வளையமும் நீளும் குழாயும் சேர்த்தால் கேமராவில் பொருந்திவிடும்.

லென்ஸுக்கு முன்னால் புறஊதாவை மட்டும் விடும் ஃபில்டர் வேண்டும். பாடர் நிறுவனத்தின் யூ-ஃபில்டர் ஏறக்குறைய 320 முதல் 390 வரை விட்டு மற்றதைத் தடுக்கும். அது கட்டுப்படியாகாதவர்கள் இரண்டு கண்ணாடிகளைச் சேர்த்துப் போடுகிறார்கள். ஒன்று கறுப்பாகத் தெரியும் யூஜி-11 வகை, மற்றது இளநீலமாகத் தெரியும் எஸ்-8612 அல்லது பிஜி வகை. இரண்டாவது எதற்கென்றால், கறுப்புக் கண்ணாடி புறஊதாவோடு 700 நானோமீட்டரை ஒட்டிக் கொஞ்சம் அகச்சிவப்பையும் விட்டுவிடும். சிலிக்கான் சென்சாருக்கு அகச்சிவப்பு என்றால் கொண்டாட்டம், புறஊதாவில் மந்தம். அந்தக் கொஞ்சத்தை அடைக்காவிட்டால் படம் முழுக்க அகச்சிவப்பாகிவிடும்.

நம்பக்கூடாத இரண்டு வகைப் படங்கள்

ஒரு படம் உண்மையிலேயே புறஊதாவில் எடுத்ததா என்று அறிய எளிய வழி இருக்கிறது. இலையைப் பாருங்கள். அகச்சிவப்பை இலை மிக அதிகமாகத் திருப்பியனுப்பும். அப்படிப்பட்ட படத்தில் இலை வெளுத்துத் தெரியும். புறஊதாவை இலை விழுங்கிக்கொள்ளும். படத்தில் அது கறுத்திருக்க வேண்டும். "புறஊதாப் படம்" என்று பெயர் போட்டு, இலைகள் பனி பெய்தது போல வெளுத்திருக்கும் படங்களை அடிக்கடி பார்க்கிறேன். அவை அகச்சிவப்புப் படங்கள். அந்தப் படத்தில் பூவின் நடுவில் தெரியும் எந்த வடிவத்துக்கும் தேனீயோடு சம்பந்தமில்லை. இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம், தவறான படம்கூட அழகாக இருக்கும் என்பதுதான். அழகாக இருப்பதால் யாரும் கேள்வி கேட்பதில்லை. கொல்லையில் இன்னொரு சோதனையும் செய்தோம். 720 நானோமீட்டருக்கு மேலுள்ளதை மட்டும் விடும் ஃபில்டரை நம் ஃபில்டர்களுக்கு மேல் வைத்து, அதே எக்ஸ்போஷரில் எடுத்துப் பார்த்தோம். படம் முழுக் கறுப்பு. அகச்சிவப்பு கசியவில்லை என்பது உறுதியாயிற்று.

இரண்டாவது குழப்பம் ஒளிர்வு. அண்ணனின் அக்கா மகன், கல்லூரியில் படிப்பவன், கள்ள நோட்டு பார்க்கும் விளக்கைக் கொண்டு இரவில் சூரியகாந்தியை போனில் எடுத்து வைத்திருந்தான். நடுவில் மகரந்தம் பச்சை கலந்த மஞ்சளாக ஜொலித்தது. "மாமா, இதுதான் தேனீ பார்க்கிற பூ" என்று அவரிடம் காட்டியிருக்கிறான். படம் அருமை. ஆனால் அது வேறு விஷயம். அங்கே பூவில் விழுந்த புறஊதாவை மகரந்தம் உள்வாங்கி, நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியாக வெளியிடுகிறது. போன் பதிவு செய்தது அந்தக் கண்ணுக்குத் தெரியும் ஒளியைத்தான். நாம் தேடுவது, பூவில் பட்ட புறஊதா எந்த இடத்திலிருந்து புறஊதாவாகவே திரும்பி வருகிறது, எந்த இடத்தில் விழுங்கப்படுகிறது என்பது. பகல் வெயிலில் அந்த ஜொலிப்பு, பூவிலிருந்து திரும்பி வரும் ஒளிக்கு முன்னால் மிகச் சிறிது. அந்த விளக்கை நேராகப் பார்க்காதே என்றும் அவனிடம் சொன்னேன். 365 நானோமீட்டர் டார்ச் கண்ணுக்கு மங்கலாகத் தெரிந்தாலும் அதன் வீரியம் மங்கலில்லை. கிருமி நீக்கத்துக்கான புறஊதா-சி விளக்குகளை இந்த வேலைக்குத் தொடவே கூடாது.

கொல்லையில் எடுத்தது

பூத்தது மாசியில். வானம் தெளிவு. கடலூர்ப் பக்கம் காலையில் காற்று அடங்கியிருக்கும், மதியத்துக்குள் கடற்காற்று ஏறிவிடும். சூரியகாந்தித் தலை கனமானது, ஒரு தடவை ஆட ஆரம்பித்தால் நிற்காது. ஆனால் அதிகாலை வெயிலில் புறஊதா போதாது. சூரியன் தாழ்ந்திருக்கும்போது ஒளி நிறையக் காற்றைக் கடந்து வர வேண்டியிருப்பதால் குறுகிய அலைகள் வழியிலேயே சிதறிவிடுகின்றன. 360 நானோமீட்டர் ஒளி 550-ஐவிட ஐந்து மடங்குக்கு மேல் சிதறும். அதே காரணத்தால்தான் புறஊதாப் படத்தில் நிழல்கள் மெலிந்து, தூரத்துப் பனைமரங்கள் புகைக்குள் போனது போலத் தெரிந்தன. கடைசியில் ஒன்பதரை, பத்து மணிவாக்கில், பூத்தண்டை மூங்கில் குச்சியோடு சேர்த்துக் கட்டி நிறுத்தி எடுத்தோம். ஐஎஸ்ஓ 800, எஃப் 8, கால் நொடி. மேலே நல்ல வெயில் இருந்தும் அவ்வளவு நேரம் தேவைப்பட்டது.

ஒவ்வொரு பூவையும் முக்காலியை அசைக்காமல் இரண்டு முறை எடுத்தோம். முதலில் புறஊதா ஃபில்டரோடு, பிறகு கண்ணுக்குத் தெரியும் ஒளியை மட்டும் விடும் ஃபில்டரோடு. புறஊதாவில் லென்ஸின் ஃபோகஸ் கொஞ்சம் இடம் மாறும். அதனால் லைவ் வியூவில் பெரிதாக்கிப் பார்த்துத் தனியாக ஃபோகஸ் செய்ய வேண்டும்.

படத்தில் ஒவ்வொரு தடவையும் ஒரு வெள்ளை அடையாளம் வைத்தோம். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இரண்டு பூக்களை ஒப்பிட வேண்டுமென்றால், "இவ்வளவு ஒளி விழுந்தது" என்று சொல்ல மாறாத ஏதாவது ஒன்று படத்துக்குள் இருக்க வேண்டும். வெள்ளைத் தாள் உதவாது. தாளிலும் சோப்புத்தூளிலும் வெண்மையைக் கூட்டச் சேர்க்கும் பொருள் புறஊதாவை விழுங்கி நீல ஒளியாக வெளியிடும். அண்ணனின் சலவை வேட்டி எங்கள் புறஊதாப் படத்தில் கரியைப் போல வந்தது. அவருக்கு அதை நம்பவே முடியவில்லை. வேட்டியையும் கேமரா திரையையும் மாறி மாறிப் பார்த்தார். இதற்கு உதவுவது பிடிஎஃப்இ, அதாவது டெஃப்லான். ஆய்வகங்களில் இதற்கென்று விலையுயர்ந்த தகடு வைத்திருப்பார்கள். நாங்கள் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு ஹார்டுவேர் கடையில் குழாய் மரைக்குச் சுற்றும் வெள்ளை டெஃப்லான் டேப் வாங்கி, ஒரு சின்ன மரக்கட்டையில் கட்டையின் நிறம் தெரியாத அளவுக்குப் பல சுற்று சுற்றினோம். அது புறஊதாவையும் நீலத்தையும் பச்சையையும் ஏறக்குறைய ஒரே அளவில் திருப்பியனுப்பும். இந்த வேலைக்குப் போதும்.

படத்தில் தெரிந்தது இதுதான். எண்ணெய் வகையின் மஞ்சள் இதழ்கள், அதாவது வெளிவட்டத்துக் கதிர்ச் சிறுமலர்கள், இரண்டாகப் பிரிந்து நின்றன. நுனிப்பகுதி வெளுப்பு, அடிப்பகுதி கறுப்பு. நடுவிலுள்ள வட்டத்தட்டும் கறுப்பு. நம் கண்ணுக்கு ஒரே மஞ்சளாகத் தெரியும் பூவுக்குள் பெரிய இருண்ட வட்டமும் அதைச் சுற்றி ஒரு வெளிச்ச வளையமும். இதழில் மஞ்சளைக் கொடுக்கும் கரோட்டினாய்டுகள் நீலத்தை விழுங்கிவிட்டு, நீளமான அலைகளையும் புறஊதாவின் ஒரு பகுதியையும் திரும்ப விடுகின்றன. அடிப்பகுதியில் கூடுதலாக ஃபிளேவனால் சேர்மங்கள் சேர்ந்திருக்கும். அவை நமக்கு நிறமற்றவை, புறஊதாவை மட்டும் விழுங்குபவை. சூரியகாந்தியில் இந்த இருண்ட பகுதி எவ்வளவு தூரம் பரவும் என்பதை முக்கியமாகத் தீர்மானிப்பது ஹாமிப்-111 என்ற மரபணு என்று 2022-ல் வெளியான ஆய்வு சொல்கிறது.

அலங்கார வகையிலும் அதே இருண்ட வட்டம், அதே வெளிச்ச வளையம். வட்டத்தின் அகலத்தில் பூவுக்குப் பூ வித்தியாசம் இருந்தது. ஆனால் எண்ணெய் வரிசைக்குள்ளேயே ஒரு செடிக்கும் அடுத்த செடிக்கும் அதே அளவு வித்தியாசம் இருந்தது. இரண்டு வரிசையின் படங்களையும் கலந்து வைத்து, எது எந்த வரிசை என்று பிரிக்கச் சொன்னேன். அண்ணனாலும் முடியவில்லை, அந்தப் பையனாலும் முடியவில்லை. கோலம் காணாமல் போகவில்லை.

தேனீயின் நிறத்தில் பூ

இங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் கறுப்பு வெள்ளையில் எடுத்த புறஊதாப் படம் தேனீயின் பார்வை ஆகாது. அது தேனீயின் மூன்று வழிகளில் ஒன்று மட்டும். ஒரே ஒரு ஒளியில் பளிச்சென்று தெரியும் வித்தியாசம், மூன்றும் சேரும்போது அவ்வளவு பெரிதாக இல்லாமலும் போகலாம்.

எனவே இரண்டு படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தினோம். ஜேபெக்கில் கேமராவே நிறத்தையும் மாறுபாட்டையும் திருத்திவிடுவதால் திருத்தம் எதுவும் செய்யாத மூலப் பதிவான ரா ஃபைலைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். கண்ணுக்குத் தெரியும் படத்திலிருந்து நீலத்தையும் பச்சையையும் எடுத்துக்கொண்டு சிவப்பைத் தள்ளிவிட வேண்டும். பிறகு புறஊதாவை நீலமாகவும், நீலத்தைப் பச்சையாகவும், பச்சையைச் சிவப்பாகவும் போட வேண்டும். இமேஜ்-ஜே என்ற இலவச மென்பொருளில் இதைச் செய்யலாம். அதோடு சேரும் மைக்கா டூல்பாக்ஸில் கேமராவின் உணர்திறனை அளந்து கொடுத்தால், ஒவ்வொரு வகைச் செல்லும் எவ்வளவு ஒளி வாங்கும் என்பதை இன்னும் நெருக்கமாகக் கணக்கிடலாம். நாங்கள் செய்தது எளிய மாற்றுதான். எங்கள் லென்ஸும் கேமராவும் வாங்கியது பெரும்பாலும் 365-க்கு மேலுள்ள புறஊதா, தேனீயின் உச்சமோ 344. ஃபிளேவனால் அந்தப் பரப்பு முழுவதிலும் விழுங்குவதால் வடிவம் மாறாது. நிறத்தின் அடர்த்தியை மட்டும் எங்கள் படத்தை வைத்து அறுதியிட்டுச் சொல்ல மாட்டேன்.

பச்சை இலையை என்ன நிறத்தில் காட்டுவது என்பதும் யோசிக்க வேண்டிய விஷயம். தேனீ பறப்பது இலைகளுக்கு மேலே. அதன் கண் அந்தப் பின்னணிக்குப் பழகியிருக்கும் என்று எடுத்துக்கொண்டுதான் தேனீக்குத் தெரியும் நிறங்களைக் குறிக்க லார்ஸ் சிட்கா 1992-ல் வெளியிட்ட அறுகோண வரைபடம் போன்ற கணக்குகள் நடக்கின்றன. அந்தக் கணக்கில் இலை கிட்டத்தட்ட நிறமற்ற சாம்பல். நாங்களும் இலையைச் சாம்பலாக வைத்தோம். அப்படி வைத்ததும் பூ தனியே எழுந்து வந்தது. இதழ் நுனிகளில் புறஊதாவும் பச்சையும் சேர்ந்த நிறம் — வான் ஃப்ரிஷ் காலத்திலிருந்து தேனீ ஊதா என்று சொல்லப்படுவது. இதழின் அடியில் பச்சை உணர்வு மட்டும் தூண்டப்பட்ட வேறொரு நிறம். நடுவில் இருட்டு. இரண்டு வரிசைக்கும் மூன்று நிறங்களும் ஒன்றுபோலவே வந்தன.

எவ்வளவு தூரத்திலிருந்து தெரியும்

இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. எனக்கோ இந்த வேலையிலேயே முக்கியமாகப் படுவது இதுதான். என் படம் பல மில்லியன் புள்ளிகளில் இருக்கிறது. வேலைக்காரத் தேனீயின் ஒரு கூட்டுக்கண்ணில் சுமார் 5,000 சிறுகண்கள்தான். பக்கத்துப் பக்கத்துச் சிறுகண்கள் பார்க்கும் திசைகளுக்கு நடுவே ஏறக்குறைய ஒன்று முதல் இரண்டு பாகை இடைவெளி. நல்ல மனிதக் கண் பிரித்தறிவது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. இழையிழையாக நரம்பு தெரியும் இதழ்ப் படத்தைப் போட்டு "தேனீ காண்பது இதுதான்" என்று எழுதினால், அது பொய்யாகிவிடும்.

ஐரோப்பியத் தேனீக்களைப் பழக்கி 1990களில் செய்த சோதனைகளில் ஒரு முக்கியமான விஷயம் தெரியவந்தது. கண்ணில் ஏறக்குறைய 15 பாகை அளவுக்கு விரிந்தால்தான் தேனீ ஒரு பொருளை நிறத்தை வைத்து அறிகிறது. அதற்குக் கீழே, சுமார் 5 பாகை வரை, பச்சைச் செல்லின் வெளிச்ச வித்தியாசத்தை மட்டும் வைத்துத்தான் கண்டுபிடிக்கிறது. அதற்கும் கீழே போனால் பிடிபடுவதில்லை. அண்ணனின் பூக்கள் சுமார் 15 சென்டிமீட்டர் அகலம். கணக்குப் போட்டால் ஒரு பூ 5 பாகையாகத் தெரிவது ஒன்றே முக்கால் மீட்டர் தூரத்தில். 15 பாகையாவது 57 சென்டிமீட்டரில். அந்தத் தூரத்தில் ஒரு பாகை என்பது ஒரு சென்டிமீட்டர். ஆக, முழுப்பூவும் தேனீக்குக் குறுக்கே பதினைந்து புள்ளிகளுக்கு மேல் கிடையாது. மூன்று சென்டிமீட்டர் அகலமுள்ள வெளிச்ச வளையத்துக்கு மூன்று புள்ளி.

அந்த அளவுக்குப் படத்தை மங்கலாக்கிப் பார்த்தோம். இரண்டு மீட்டரில் பூ சாம்பலுக்குள் கரைந்துவிடுகிறது. ஒரு மீட்டரில் நிறமில்லாத ஒரு திட்டு. அரை மீட்டருக்குள் வரும்போது நிறம் பிறக்கிறது, கூடவே நடுவில் இருண்ட வட்டமும் சுற்றி வளையமும் தெரிகின்றன. ஒரு சாண் தூரத்தில் வடிவம் தெளிவு. ஆக, இந்தக் கோலம் தேனீயைத் தூரத்திலிருந்து கூப்பிடுவதில்லை. ஏற்கெனவே வந்துவிட்ட தேனீக்கு எங்கே இறங்குவது, எங்கே தேன் என்று காட்டத்தான் அதனால் முடியும். பார்கின்சோனியா என்ற முள்மரத்தின் ஐந்து மஞ்சள் இதழ்களில் மேலிதழ் மட்டும் புறஊதாவை விழுங்கும். அது தேனீக்களுக்குத் திசைகாட்டியாக இருப்பதை ஜோன்ஸும் புக்மனும் 1974-ல் எழுதியிருக்கிறார்கள். அதுவும் பூவருகே நடக்கும் வேலைதான்.

இருண்ட வட்டம் தேனீக்காக மட்டும் வந்தது என்றும் சொல்லிவிட முடியாது. மேலே சொன்ன 2022 ஆய்வில், வறண்ட இடங்களில் வளரும் காட்டுச் சூரியகாந்திகளுக்கு இருண்ட பகுதி பெரிதாக இருந்தது. அந்தச் சேர்மங்கள் இதழிலிருந்து நீர் வேகமாக வற்றாமல் காக்கின்றன என்று அவர்கள் காட்டினார்கள். பூச்சி, வெயில், ஈரம் மூன்றுக்கும் அந்த வட்டத்தில் பங்கு உண்டு.

அப்படியானால் ஏன் வரவில்லை?

படங்கள் கோலத்தை விலக்கிவிட்டன. அப்புறம் கேமராவை மூடி வைத்துவிட்டுப் பூவையே பார்த்தோம். எண்ணெய் வகையின் வட்டத்தட்டில் விரலை வைத்துத் தேய்த்தால் விரல் மஞ்சளாகிறது. அலங்கார வகையில் தேய்த்தால் விரலில் ஒன்றும் ஒட்டுவதில்லை. பூங்கொத்துக்கு வளர்க்கும் சூரியகாந்திகளில் மகரந்தமே இல்லாத வகைகள் நிறைய உண்டு. மேசை விரிப்பிலும் சட்டையிலும் கறை படக்கூடாது என்று வேண்டுமென்றே அப்படி உருவாக்குகிறார்கள். நர்சரிக்காரரிடம் கேட்டதில் அவரும் "ஆமாம், இது தூள் கொட்டாத ஜாதி" என்றார்.

அண்ணன் இதைக் கேட்டதும் பெட்டியின் வாசலுக்குப் போனார். காலையில் திரும்பி வந்த தேனீக்கள் பலவற்றின் பின்னங்கால்களில் மஞ்சள் மகரந்த உருண்டை இருந்தது. அடையில் புழுக்கள் நிறைய இருந்த சமயம், அவற்றுக்கு ஊட்ட மகரந்தம் வேண்டும். சூரியகாந்தியின் மகரந்தம் காலையில்தான் வெளிப்படும். அதற்காகப் போகும் தேனீ அலங்கார வரிசையில் நேரத்தை வீணாக்காது. பத்தரை மணிக்கு மேல் பார்த்தபோது நிலைமை வேறு. அலங்கார வரிசையிலும் தேனீக்கள் இருந்தன, நாக்கை நீட்டித் தேன் குடித்துக்கொண்டிருந்தன. கால்களில் உருண்டை இல்லை. அவர் காலையில் மட்டும் பார்த்துவிட்டு எள் பக்கம் போய்விடுவதால் இந்த நேரம் அவர் கண்ணில் பட்டதில்லை.

"அப்போ பூவுல குறை இல்ல, அதுகளுக்கு அந்த நேரத்துக்கு வேண்டியது அதுல இல்ல" என்றார். நான் சொல்லியிருந்தால் இதைவிட நீளமாகச் சொல்லியிருப்பேன்.

இருந்தாலும் ஒரு ஓட்டை பாக்கி இருக்கிறது. எண்ணெய் வரிசை பெட்டிகளுக்குப் பக்கத்தில், அலங்கார வரிசை கரும்பு ஓரத்தில். கரும்பின் நிழல் காலையில் அந்த வரிசையின் மேல் விழுகிறது. குளிர்ந்த பூவில் தேன் ஊறுவதும் தாமதமாகலாம், தேனீ வருவதும் தாமதமாகலாம். மகரந்தம்தான் காரணம் என்று முடிவாகச் சொல்ல இடத்தின் பங்கைப் பிரித்தாக வேண்டும். வரிசை வரிசையாக இல்லாமல் ஒரு செடி இந்த வகை, அடுத்த செடி அந்த வகை என்று மாற்றி மாற்றி நட்டால் இது தீரும். அடுத்த பட்டத்துக்கு அப்படியே நடலாம் என்று அண்ணன் ஒப்புக்கொண்டார். காலை ஏழு மணியிலிருந்து பதினொன்று வரை அரை மணிக்கு ஒரு தடவை, காலில் உருண்டை உள்ள தேனீ எத்தனை, இல்லாதது எத்தனை என்று தனித்தனியாகக் குறிக்கும் பொறுப்பை அந்தப் பையன் ஏற்றுக்கொண்டிருக்கிறான்.

படங்களை அச்சிட்டபோது ஒவ்வொரு பூவுக்கும் மூன்று தூரங்களைப் போட்டோம்: ஒரு மீட்டர், அரை மீட்டர், ஒரு சாண். கீழே ஃபில்டரின் பெயர், எடுத்த நேரம், எந்த நிறம் எதற்குப் பதிலாக வந்திருக்கிறது என்ற விவரம். பளபளக்கும் கூர்மையான படத்தையும் ஓரத்தில் வைத்து, அதற்குக் கீழே "இது கேமரா பார்த்தது" என்று எழுதியிருக்கிறோம்.